அண்டர்டேக்கரும் சான்டினோவும் மோதினால் எத்தனை நிமிஷம்?

போன வாரம் அண்ணன் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். WWE ரெஸ்லிங் ஆட்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு காலத்திலிருந்தே அண்ணன் அண்டர்டேக்கர் கட்சி. சீட்டைப் பிரிக்கும்போதே அந்தக் கார்டு தன் கைக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மீதியைப் பார்ப்பான். நான் அப்புறம் வந்தவன், எனக்கு சான்டினோ மரெல்லாவைப் பிடிக்கும். கையைப் பாம்பாக மாற்றி எதிராளியின் கழுத்தில் கொத்துவாரே, அவர்தான். இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது தனியாக மோதினால் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன்.

"டேய், மணி அடிக்கிற சத்தத்துக்கே ஓடிடுவான்டா. பத்து செகண்ட்."

"இல்லண்ணே, பதினைந்து நிமிஷம் ஓடும். ஓடணும்."

யார் ஜெயிப்பார் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. அண்டர்டேக்கர்தான். 1990 நவம்பரில் சர்வைவர் சீரிஸ் என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சியில் முதல்முறை நடந்து வந்ததிலிருந்து சரியாக 30 வருஷம் கழித்து அதே சர்வைவர் சீரிஸில் விடைபெற்றவர், வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் 25 வெற்றி, 2 தோல்வி. 2014இல் பிராக் லெஸ்னர் அவரைத் தோற்கடிக்கும் வரை 21 முறை தொடர்ந்து ஜெயித்தவர். அந்த ஆளை சான்டினோ வெல்லட்டும் என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் போட்டிக்கு ஒரு மதிப்பு உண்டா, பார்க்கிறவனுக்கு அதில் ஏதாவது கிடைக்குமா என்பதுதான் சண்டை.

அண்ணன் கையில் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2009 ராயல் ரம்பிளில் சான்டினோ உள்ளே வந்த வேகத்தில் கேன் அவரை வெளியே தள்ளிவிட்டார். மொத்தம் 1.9 செகண்ட். அதற்கு முன்னால் 1989இல் ஹல்க் ஹோகன் வார்லார்டை 2 செகண்டில் வெளியேற்றியதுதான் சாதனை, இருபது வருஷம் அப்படியே நின்றது. கதைப்படி கேன் யார்? அண்டர்டேக்கரின் தம்பி. "தம்பிக்கே 1.9 செகண்ட்னா அண்ணனுக்கு எவ்வளவு ஆகும், கணக்குப் போடு" என்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராயல் ரம்பிள் வேறு ஆட்டம், அங்கே மேல் கயிற்றைத் தாண்டி வெளியே தள்ளினால் கதை முடிந்தது. ஒருவனைப் பாயில் அழுத்தி மூன்று எண்ணும் வரை வைத்திருப்பது வேறு வேலை. அதோடு, அரங்கம் முழுக்க இருக்கிற கூட்டத்தை இரண்டு செகண்டுக்குள் சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம்! கேன் எந்த இடத்தில் நிற்கிறார், தான் எந்த வேகத்தில் வர வேண்டும், கயிற்றுக்கு எத்தனை அடி, எல்லாம் சரியாக விழுந்தால்தான் அது நடக்கும். கொஞ்சம் பிசகியிருந்தால் நாலரை செகண்ட் ஆகியிருக்கும், இன்று யாருக்கும் நினைவிருக்காது.

சிரிக்க வைக்கிறவருக்குச் சண்டை தெரியாது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். சான்டினோவின் நிஜப்பெயர் ஆண்டனி கரேலி. இத்தாலிக்காரர் என்பது கதைக்காக வைத்தது, அவர் கனடாவின் மிசிசாகாவைச் சேர்ந்தவர், அடிப்படையில் ஜூடோக்காரர். அவர் ஆட்டத்தில் எதிராளியை இடுப்பில் ஏற்றிச் சுழற்றிப் போடுவதைக் கவனித்துப் பாருங்கள், அதில் விளையாட்டே கிடையாது, கால் வைக்கும் இடம் ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கும். 2007 ஏப்ரலில் மிலானில் கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை இழுத்து வந்ததுபோலக் காட்டி அவரை அறிமுகப்படுத்தினார்கள், அன்றைக்கே பாபி லாஷ்லியின் உதவியோடு உமாகாவைத் தோற்கடித்து இன்டர்கான்டினென்டல் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

சரி, அதைக்கூட விடுங்கள். 2012 பிப்ரவரி, மில்வாக்கி, எலிமினேஷன் சேம்பர், அதாவது ஆறு பேர் கூண்டுக்குள் மோதி கடைசியில் ஒருவர் மிஞ்சும் ஆட்டம். காயம்பட்ட ராண்டி ஆர்ட்டனின் இடத்துக்கு வந்தவர்தான் சான்டினோ. கூண்டுக்குள் பிக் ஷோ, கிரேட் காளி, கோடி ரோட்ஸ், வேட் பேரட், நடப்பு சாம்பியன் டேனியல் பிரையன். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர், பிரையனும் சான்டினோவும். சான்டினோ பாம்பு மாதிரி இருக்கும் பச்சை உறையை எடுத்துக் கையில் மாட்டுகிறார். அரங்கத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாம்பு கொத்துகிறது, பிரையன் சாய்கிறார், நடுவரின் கை ஒன்று, இரண்டு... மூன்றாவது விழுவதற்குள் பிரையன் தோளைத் தூக்கிவிட்டார். அந்த நொடியில் கூட்டம் போட்ட சத்தத்தை இப்போது கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். உலக ஹெவிவெயிட் பட்டம் காலுறை மாதிரி ஒரு துணியால் கைமாறப் போகிறது என்று அத்தனை பேரும் நம்பினார்கள். கேலியாக இல்லை, மனசார நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைதான் என் மொத்த வாதமும். அண்டர்டேக்கர் செய்வது என்ன? செத்தவன் நடந்து வருகிறான், அடித்துப் போட்டால் இடுப்புக்கு மேலே சட்டென்று எழுந்து உட்கார்கிறான் என்று நம்மை நம்ப வைக்கிறார். சான்டினோ? தன் முழங்கைக்குக் கீழே இருப்பது கையே இல்லை, பாம்பு, அது தானாகப் படமெடுக்கிறது, தனக்கே அது கட்டுப்படாது என்று நம்ப வைக்கிறார். நடக்கவே முடியாத ஒன்றை முழு மனதோடு செய்தால் கூட்டம் பின்னால் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர் பயத்தால் செய்கிறார், இன்னொருவர் சிரிப்பால். இதைச் சொன்னபோது அண்ணன் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

இன்னொன்றும் சொன்னேன். 1998 ஜூனில் பிட்ஸ்பர்கில் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் மேன்கைண்ட் என்ற ரெஸ்லரைத் தூக்கி எறிந்தார், அதைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அதே மேன்கைண்ட், அதே வருஷக் கடைசிக்குள் ஒரு அழுக்குக் காலுறையைக் கையில் மாட்டி எதிராளியின் வாய்க்குள் திணிப்பதையே தன் ஆயுதமாக்கிவிட்டார். சாக்கோ என்று பேர் வைத்த அந்தக் காலுறையைப் பார்த்து யாரும் "இது ரெஸ்லிங்கே இல்லை" என்று சொல்லவில்லை. 2012 ராயல் ரம்பிளில் சாக்கோவும் சான்டினோவின் பாம்பும் நேருக்கு நேர் நின்றபோது மக்கள் கொடுத்த வரவேற்பு பெரிய பெரிய ஆட்களுக்கும் எளிதில் கிடைக்காதது.

அதனால் என் போட்டி இப்படி. 2009இன் அண்டர்டேக்கர், ஷான் மைக்கேல்ஸோடு ரெஸில்மேனியாவில் அந்தப் பெரிய ஆட்டத்தை ஆடினாரே, அந்த வருஷத்தவர். 2012இன் சான்டினோ. இடம் மிலான். குறுக்கே யாரும் வரக்கூடாது.

மணி அடிக்கிறது, விளக்கெல்லாம் அணைகிறது. சான்டினோ ஏற்கெனவே ரிங்கில். 6 அடி 10 அங்குலம் மெதுவாக நடந்து வருவதை அவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், ஒரு தடவை நடுக்கயிற்றின் வழியாக வெளியே இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே ஏற வேண்டும். அந்தத் திரும்பி ஏறுவதில்தான் அவருடைய பாத்திரமே இருக்கிறது: பயம் நிறைய உண்டு, ஆனாலும் விட்டுவிட்டுப் போக மாட்டார். முதல் ஐந்து நிமிஷம் அண்டர்டேக்கர் அடிப்பார், அவ்வளவுதான். சிரிப்பு எல்லாம் சான்டினோவிடம், அண்டர்டேக்கர் முகத்தில் ஒரு கோடுகூட அசையக்கூடாது, அசைந்தால் போட்டி செத்துவிடும். கூத்தில் ராஜா தன் கம்பீரத்தை விடாமல் நிற்பதால்தான் கட்டியக்காரன் பேசுவது எடுபடுகிறது, இதுவும் அப்படித்தான். அப்புறம் ஒரு முறை அண்டர்டேக்கர் ஓடி வந்து கையை வீச, சான்டினோ கால்களை அகல விரித்துத் தரையோடு உட்கார்ந்து தப்ப, அடுத்த கணம் அந்த ஜூடோ தூக்கு. முதலில் ஒரு தடவை தூக்கப் பார்த்து முடியாமல் போயிருக்க வேண்டும், இப்போது முடிகிறது. சான்டினோ சல்யூட் அடித்துவிட்டு அவர் மேல் தலையால் விழுகிறார். அண்டர்டேக்கர் எழுந்து உட்கார்கிறார்.

இனிமேல்தான் நான் மனதில் பல முறை ஓட்டிப் பார்த்த இடம். அண்டர்டேக்கர் சான்டினோவின் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மேல் கயிற்றில் ஏறி நடக்கிறார், ஓல்ட் ஸ்கூல். நாலு அடி வைத்திருப்பார். அவர் பிடித்திருக்கும் அந்தக் கை மெல்ல வளைகிறது. விரல்கள் சேர்கின்றன, மணிக்கட்டு மடிகிறது. கயிற்றின் மேல் நிற்கும் அண்டர்டேக்கர் குனிந்து பார்க்கிறார், தன் பிடிக்குள்ளேயே ஒரு பாம்பு படமெடுத்து நிற்கிறது. இவ்வளவு வருஷமாக எத்தனையோ பேருடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றில் நடந்தவர், இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார். கை உதறிக்கொள்கிறது, அவர் கயிற்றின் மேலேயே விழுகிறார், தடுமாறி இறங்குகிறார், சான்டினோ பச்சை உறையை மாட்டுகிறார், கொத்து. ஒன்று, இரண்டு, அப்புறம் மூன்றுக்கு முடி அளவு முன்னால் தோள் எழுகிறது.

"அது நடந்தா நானே எழுந்து நின்னுடுவேன்டா" என்றான் அண்ணன். ஒத்துக்கொண்டானா என்றால் இல்லை, இப்போது பத்து செகண்ட் எட்டு நிமிஷமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவைப் பற்றி மட்டும் எங்களுக்குள் பேச்சே இல்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போடும் சோக்ஸ்லாம், அப்புறம் தலைகீழாகப் பிடித்து இறக்கும் டூம்ஸ்டோன். எப்போதும்போல அண்டர்டேக்கர் மண்டியிட்டு, விழுந்தவனின் இரண்டு கைகளையும் பிணத்துக்கு வைப்பதுபோல நெஞ்சின் மேல் மடித்து வைக்கிறார். நடுவர் ஒன்று எண்ணுகிறார். இரண்டு. உறை மாட்டிய கை மட்டும் நெஞ்சிலிருந்து மெதுவாக மேலே வருகிறது. நடுவர் நிற்கிறார். அண்டர்டேக்கர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் அந்தக் கையைப் பிடித்து மறுபடி மடித்து வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொள்கிறார். திரும்ப முதலிலிருந்து எண்ணுகிறார் நடுவர்.