மெஷின் டெஸ்ட்: முதல் தடவை 48 டிபியில் விழுந்தேன், இந்தத் தடவை தேறினேன்

நேற்று சாயங்காலம் மெயில் வந்தது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் வேலைக்குத் தேர்வாகிவிட்டேன். அதே கம்பெனியில் எட்டு மாதத்துக்கு முன்னால் மெஷின் டெஸ்ட்டோடு (உட்கார வைத்து ஒரு ஆப் எழுதச் சொல்லும் சுற்று) திருப்பி அனுப்பப்பட்டவன் நான். ஆப்டிட்யூட், ஹெச்ஆர் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைக் கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் சிஸ்டம் பார்தான் (மேலே கடிகாரம் இருக்கும் ஸ்டேட்டஸ் பார், கீழே ஹோம், பேக் இருக்கும் நேவிகேஷன் பார்), அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தடவை கேட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு லிஸ்ட், ஒரு ஃபார்ம், அடியில் சேமி பட்டன். டேட்டாபேஸ் வரை சுத்தமாக முடித்தேன். டார்கெட் எஸ்டிகே 35 (ஆண்ட்ராய்டு 15-க்காக எழுதியது என்று ஆப் சொல்லும் எண்). ஓட்டிப் பார்த்த எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் பொய் போன், ஆண்ட்ராய்டு 14. அதில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ரிவ்யூ செய்தவர் தன் ஆண்ட்ராய்டு 15 போனில் போட்டார். டூல்பார் தலைப்பு கடிகாரத்தின் மேல் ஏறிக் கிடந்தது. சேமி பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில் போய்விட்டது.

டார்கெட் 35 வைத்த ஆப் ஆண்ட்ராய்டு 15-இல் ஓடினால், சிஸ்டமே அதைத் திரையின் விளிம்பு வரை விரித்துவிடும். 14-இல் விரிக்காது. எனக்கு அன்று இது தெரியாது. பத்து நிமிடம் கேட்டு வாங்கி, மேலே 24 டிபி, கீழே 48 டிபி (திரையில் அளவு எண்ணும் அலகு) என்று கையால் பேடிங், அதாவது ஓர இடைவெளி, வைத்தேன். அவருடையது கெஸ்சர் வைத்த போன், பட்டனுக்குப் பதில் விரலால் தேய்ப்பது. அதில் கீழ்ப் பட்டை அவ்வளவு உயரம் இல்லை. கீழே வெள்ளையாக ஒரு பட்டை மிஞ்சியது. மேலே கேமரா ஓட்டை இருந்ததால் ஸ்டேட்டஸ் பார் 24-ஐ விட உயரம். தலைப்பு பாதி மறைந்தபடியே இருந்தது. "இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்வித்தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். பழகிக்கொள்ள அவருக்கு ஒரு கடன் கணக்கு ஆப் எழுதிக் கொடுத்தேன். ரெண்டாம் நாளே, "இன்னாடா இது, சேமிய அமுத்துனா வெளிய தள்ளுது?" என்றார். வாங்கிப் பார்த்தேன். மூணு பட்டன் வைத்த போன். அந்தப் பட்டை முழுக்க மறைக்காது, 80 சதவீதம்தான். பின்னால் சேமி மங்கலாகத் தெரிந்தது. அம்மா அமுக்கியது சரியான இடத்தில்தான். விரல் பட்டது ஹோமில்.

அன்றைக்குத்தான் உறைத்தது: பாரின் உயரம் போனுக்குப் போன் மாறும், அதை நாம் எழுதக் கூடாது, சிஸ்டத்திடம் கேட்டு வாங்க வேண்டும். எப்படி என்றால்:

- பழைய வியூ முறையில் விண்டோஇன்செட்ஸ் லிசனர் போடுங்கள். பார்கள் பிடிக்கும் இடத்தின் அளவுதான் இன்செட்; அதைச் சிஸ்டம் சொல்லும்போதெல்லாம் ஓடும் கோட்தான் லிசனர். சிஸ்டம்பார்ஸ், டிஸ்ப்ளேகட்அவுட் (கேமரா ஓட்டை) ரெண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இடது, வலதையும் விடாதீர்கள்.
- லிஸ்ட்டுக்குப் பேடிங் கொடுத்து, கிளிப்டுபேடிங்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். உருட்டும்போது லிஸ்ட் பாருக்கு அடியிலும் ஓடும், கடைசி வரி மட்டும் மேலே வந்து நிற்கும்.
- புதிய கம்போஸ் முறை என்றால் ஸ்காஃபோல்டு (திரையின் சட்டகம்) தரும் இன்னர்பேடிங்கை மறக்காமல் உள்ளே கொடுங்கள்.
- ஃப்ளட்டரில் ஆப் எழுதுகிறவர்களுக்கு இதே வேலையைச் செய்வது சேஃப்ஏரியா.
- எட்ஜ்-டு-எட்ஜ் (விளிம்பு வரை விரிப்பது) வேண்டாம் என்று தீமில் எழுதித் தப்பிக்கும் வழி, டார்கெட் 36 வைத்து ஆண்ட்ராய்டு 16-இல் ஓட்டினால் செல்லாது. அதை நம்பாதீர்கள்.
- ஐபோனில் 2017-இல் ஐபோன் எக்ஸ் வந்தபோது ஸ்டேட்டஸ் பார் 20 பாயிண்ட்டிலிருந்து 44 ஆனது; கீழே புதிதாக 34. இதை வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள்.

என் நாலு ராத்திரியைத் தின்றது வேறு ஒன்று. கீபோர்டு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பட்டனுக்கு அடியில் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. லிசனர் ஒரு தடவை மட்டும் வராது, திரும்பத் திரும்ப வரும். நான் அப்போதைக்கு இருக்கும் பேடிங்கோடு இன்செட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் இருந்த பேடிங்கை லிசனருக்கு வெளியே ஒரு வேரியபிளில் பிடித்து வைத்து, எப்போதும் அதோடு மட்டும் கூட்டினேன், நின்றது. இன்னொன்று, கீபோர்டு உயரத்தோடு நேவிகேஷன் பார் உயரத்தைக் கூட்டாதீர்கள். கீபோர்டு அளவுக்குள்ளேயே அது அடக்கம். ரெண்டில் எது பெரிதோ அதுதான்.

நான் பயந்த சுபாவம். அதனால் இந்தத் தடவை முதல் இருபது நிமிடம் வேறு எதையும் தொடவில்லை. காலித் திரையில் இன்செட்டை முடித்துவிட்டுத்தான் டேட்டாபேஸுக்குப் போனேன். எமுலேட்டர் டெவலப்பர் ஆப்ஷனில் பொய்யாகக் கட்அவுட் வைக்கலாம், அதையும் பார்த்துக்கொண்டேன். துணிச்சல்காரர்கள் கடைசியில் செய்யலாம், எனக்கு அது ஆகாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி கிண்டியில் இறங்கும் வரை அந்த லிசனரை மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன்.

ரிவ்யூவில் வேறு ஆள். போனைக் கெஸ்சரிலிருந்து மூணு பட்டனுக்கு மாற்றினார், படுக்க வைத்தார். பட்டை வலது பக்கம் வந்தது. சேமி பட்டன் அதற்கு இடம் விட்டு உள்ளே தள்ளி நின்றது. ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரி, டேட்டாபேஸ காட்டுங்க" என்றார்.