கறிவேப்பிலைத் தொட்டியில் இரண்டு ஆணி

பள்ளி முடிந்ததும் பெண் பிள்ளைகளுக்காக எங்கள் சமூக மன்றத்தில் நடக்கும் அறிவியல் வகுப்புக்குத் தொடக்கநிலை 5 படிக்கும் மகள் போகிறாள். வழிகாட்ட வருபவர் பொறியியல் படிக்கும் ஓர் அக்கா. விடையைச் சட்டென்று சொல்லிவிட மாட்டாராம். "நீயே கழற்றிப் பாரும்மா" என்பாராம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இப்போது வாசல் கறிவேப்பிலைத் தொட்டியில் இரண்டு ஆணி, அவற்றிலிருந்து மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினிப் பலகைக்கு ஒயர். ஈரமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காயக் காய அளவு இறங்கும். ரொம்ப இறங்கினால் பலகையின் குட்டி விளக்குகளில் சோக முகம் வரும். ஆணி துருப்பிடித்தால் கணக்கு மாறுமே என்று அதையும் நோட்டில் குறிக்கிறாள்.

சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று 1979இல் வரம்பு வைத்தார்கள். 2003இல்தான் எடுத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறது, பிள்ளைகளை அனுப்புங்கள்.