கெனோஷாவுல ராம்ப்ளர் பெருசுங்களோட ஒரு சனிக்கிழமை

சிகாகோவுல இருக்கற நம்மாளுங்க மில்வாக்கி போறப்ப ஹைவேல கெனோஷான்னு போர்டைப் பாத்திருப்பாங்க, அவ்ளோதான், யாரும் உள்ள திரும்ப மாட்டாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு பழைய கார்னா உசுரு, வெயில் காலத்துல, அந்த ஊர்லயே ஒரு காலத்துல செஞ்ச ராம்ப்ளர்ங்கற பழைய கார்களோட ஓனருங்க அங்க வண்டியோட கூடுவாங்கன்னு எங்கயோ கேட்டுட்டு வந்து என்னையும் இழுத்துட்டுப் போயிட்டான். அதுவும் ரயில்ல. ஒகில்வி ஸ்டேஷன்ல மெட்ரா ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும், மெட்ராவுக்கு விஸ்கான்சின்ல இருக்கற ஒரே ஸ்டேஷன் கெனோஷாதான். சனி ஞாயிறுல அவ்வளவு தூரம் போற வண்டி கம்மி, டைம்டேபிள் பாக்காம கிளம்பிடாதீங்க.

ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்ச நேரத்துல பழைய டிராம் ஒண்ணு வந்துச்சு. 1951ல டொரன்டோவுக்காகச் செஞ்ச வண்டிங்களை வாங்கி பெயின்ட் அடிச்சு ஓட்டறாங்க. அது ஏரிக்கரை வரைக்கும் போய்ச் சுத்திட்டு வருது. அங்க இப்ப அபார்ட்மென்ட், மியூசியம், புல்வெளின்னு சுத்தமா இருக்கு, ஆனா அந்த இடம் பூரா ஒரு காலத்துல கார் ஃபேக்டரி. 1987ல க்ரைஸ்லர் கம்பெனி, இங்க கார் செஞ்சுட்டு இருந்த அமெரிக்கன் மோட்டார்ஸை வாங்கிச்சு, 1988 டிசம்பர்ல இங்க கார் அசெம்ப்ளிய மூடிட்டாங்க. எஞ்சின் ஃபேக்டரி மட்டும் ஊருக்குள்ள 2010 வரைக்கும் தாக்குப் பிடிச்சுது.

பழைய அமெரிக்கன் கார்னாலே நமக்கு ஞாபகம் வர்றது கப்பல் மாதிரி நீளமா, பின்னாடி ரெக்கை வெச்ச வண்டிங்கதான். கெனோஷாக்காரங்க செஞ்சது அதுக்கு நேர் எதிர். பெரிய கார்ல பெரிய கம்பெனிங்களோட மோதி ஜெயிக்க முடியாதுன்னு நாஷ் கம்பெனி (1954ல அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது இதுதான்) தலைவர் ஜார்ஜ் மேசன் கணக்குப் போட்டு, 1950ல ராம்ப்ளரைச் சின்னதா இறக்கினார், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 100 இன்ச்தான். சின்னதுன்னா மலிவுன்னு ஜனங்க இளக்காரமா நெனச்சுடக்கூடாதுல்ல, அதனால முதல்ல விட்டதே கூரையை மடக்கற கன்வெர்டிபிள், ரேடியோ ஹீட்டர் எல்லாம் உள்ளயே சேர்த்து. கெட்டிக்கார மனுஷன். 1954ல அவர் திடீர்னு இறந்ததும் ஜார்ஜ் ராம்னி வந்தார் (ஒபாமாவை எதிர்த்து நின்ன மிட் ராம்னியோட அப்பாதான்), அவர் பெரிய கார்களை டைனோசர்னே கிண்டல் பண்ணிட்டு இருந்தாராம்.

ஊரோட மியூசியமான ஹிஸ்டரி சென்டர் சிம்மன்ஸ் தீவுல, லைட்ஹவுஸ் பக்கத்துல இருக்கு. உள்ள இருக்கற கார்களைவிட வெளிய பார்க்கிங்ல நின்ன பெருசுங்கதான் எனக்குப் புடிச்சுது. ஒரு தாத்தா 1958 ராம்ப்ளர் அமெரிக்கன் கொண்டு வந்திருந்தார், பச்சைக் கலர். அந்த வருஷம் அமெரிக்காவுல பொருளாதாரம் படுத்துக் கெடந்துச்சு, ராம்னி என்ன பண்ணாருன்னா புதுசா டிசைன் பண்ணக் காசு செலவழிக்காம, 1955ல நிறுத்தின சின்ன ராம்ப்ளரோட அச்சுகளையே தூசி தட்டி எடுத்து, லேசா மாத்தி, புது கார்னு வித்துட்டாரு. ஓடுச்சு! "எங்க அப்பா லைன்ல கதவு மாட்டினவர், அவர் மாட்டின மாடலையே கடன் வாங்கி வாங்கினாரு"ன்னு தாத்தா சொன்னப்பதான் எனக்கு இந்த ஊர் விஷயமே புரிஞ்சுது. வேற ஊர்ல பழைய கார் வெச்சிருக்கறவங்க வாங்கின கதை மட்டும்தான் சொல்வாங்க, இங்க செஞ்ச கதையும் ஓட்டின கதையும் ஒரே வீட்ல கெடக்குது, எது எங்க முடிஞ்சு எது எங்க ஆரம்பிக்குதுன்னு அவங்களுக்கே தெரியல.

வைப்பர் பத்தி ஆரம்பிச்சதும் ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்த வண்டிங்கள்ல வைப்பருக்கு மோட்டார் கெடையாது, எஞ்சின் காத்தை உறிஞ்சற வேக்குவத்துலதான் ஆடும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வேக்குவம் குறைஞ்சுடும், அப்ப மழையில மேடு ஏறும்போது, கண்ணாடி தெரியணும்னு நீங்க நெனைக்கிற அதே நேரத்துல வைப்பர் படுத்துக்கும். ஒரு அம்மா, எழுவது வயசுக்கு மேல இருக்கும், அவங்களுக்கு அவங்க அப்பா சொல்லிக் குடுத்தது இதுதானாம்: மேட்டுல கொஞ்சம் காலை எடு, ரெண்டு தடவை தொடைக்கட்டும், அப்புறம் மிதி. நம்ம அம்பாசடர் மாதிரியே ஸ்டீயரிங் பக்கத்துல கியர், அதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டாங்களாம். முன் சீட்டை அப்படியே சாச்சுப் படுக்கை ஆக்கிடலாம், அதனால ராம்ப்ளர் வெச்சிருக்கற பையன்கூட வெளிய போறேன்னா எந்த வீட்லயும் விடமாட்டாங்கன்னு அவங்க சொன்னதும் பக்கத்துல நின்ன வீட்டுக்காரர் வேற பக்கம் பாத்துட்டு நின்னார்.

க்ரெம்லின்னு (Gremlin) அமெரிக்கன் மோட்டார்ஸோட இன்னொரு கார் ஒண்ணும் இருந்துச்சு, பின்பக்கத்தைக் கத்தியால வெட்டின மாதிரி. ஹார்னெட் காரோட வாலை நறுக்கித்தான் செஞ்சாங்க, 1970 ஏப்ரல் 1ஆம் தேதி ரிலீஸ், அந்த நாளை எவன் தேர்ந்தெடுத்தான்னு தெரியல. டிசைனர் டிக் டீக் அதை முதல்ல வரைஞ்சது ஃப்ளைட்ல வாந்தி எடுக்கக் குடுப்பாங்களே அந்தப் பையில. 1973ல லீவைஸ் ஜீன்ஸ் சீட்டோட ஒரு மாடல் வந்துச்சு, பாக்க ஜீன்ஸ், ஆனா நைலான், ஏன்னா நிஜ டெனிம் தீப்பிடிக்கற டெஸ்ட்ல தேறல.

எனக்குப் புடிச்சது அதே கம்பெனியோட பேஸர் கார். 1975 மாடல், உருண்டையா கண்ணாடி கண்ணாடியா இருக்கும், டிரைவர் பக்கக் கதவைவிட அந்தப் பக்கக் கதவு 4 இன்ச் நீளம், பின்சீட்டுக்குப் போறவங்க ஃபுட்பாத் பக்கமாவே ஏறணும்னு. ஜெனரல் மோட்டார்ஸ் தர்றதா இருந்த, அளவுல சின்னதான ரோட்டரி எஞ்சினை நம்பிப் போட்ட டிசைன், அவங்க அந்தத் திட்டத்தையே கைவிட்டுட்டாங்க, வேற வழியில்லாம நீளமான ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணிச்சாங்க. அதனால கடைசி ஸ்பார்க் ப்ளக்குகள் முன்கண்ணாடிக்குக் கீழ போய் ஒளிஞ்சுக்கிச்சு. ஓனர் பானெட்டைத் தூக்கி கையை எப்படி உள்ள விடணும்னு செஞ்சே காட்டினார், மணிக்கட்டுல பழைய தழும்பு வேற.

அதுக்குள்ள பச்சைக் கார் தாத்தாவுக்கும் பேஸர்காரருக்கும் ஃபேக்டரியோட மெயின் கேட் இப்ப இருக்கற டிராம் ஸ்டாப்புக்கு வடக்கயா தெக்கயான்னு சண்டை. என் ஃப்ரெண்டு மேப்பை எடுத்து நீட்டினான், ரெண்டு பேருமே அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.