ஆவணி முதல் வாரம்

2021இல் மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தில் ஒரு ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போட்டேன். சென்னை வேலையை விட்டு ஊர் திரும்பிய முதல் சாகுபடி. வீடியோக்கள் பார்த்துக் குறிப்பு எழுதி நோட்டே நிரம்பியிருந்தது. ஆனி கடைசியிலேயே விதை விட்டுவிட்டேன். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் மூன்று டிராக்டர் தொழுவுரமும் கொட்டினேன். வரப்பில் போன பக்கத்து வயல் பெரியப்பா நின்று பார்த்தார். "இது ஆள் உயரம் போற பயிரு தம்பி. இவ்வளவு எரு தாங்காது. விதையையும் ஆவணியில விட்டிருக்கலாம்" என்றார். சரி பெரியப்பா என்று தலையாட்டினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

அந்த நவம்பரில் டெல்டாவில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். பால் பிடிக்கிற நேரத்தில் என் வயல் மொத்தமும் படுத்துவிட்டது. மழை விட்ட காலையில் நான் போவதற்கு முன்பே பெரியப்பா வயலுக்குள் நின்றார். நாலு தூரை, அதாவது நாலு நெற்குத்தைச் சேர்த்துத் தூக்கி, அதன் தாளாலேயே முடிச்சுப் போட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன். இருட்டும் வரை கட்டியும் கால்வாசி வயல்தான் நிமிர்ந்தது. மீதி தண்ணீரில் கிடந்து முளைத்தது. ஒரு ஏக்கரில் ஏழு மூட்டை. விதைக்கு எடுத்துவைக்கக் கூடத் தேறவில்லை.

அறுப்பு முடிந்த மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் நீங்க சொல்றபடி செய்றேன்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "சொல்றபடி செய்யாதே. ஏன்னு கேளு. அப்புறம் செய்" என்றார்.

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஆவணி ஏன்? இந்த நெல்லுக்கு 160 நாள் ஆகும். ஆவணி முதல் வாரம் விட்டால் கதிர் மார்கழியில்தான் வெளியே வரும். பெருமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். எரு ஏன் குறைவு? சத்து கூடினால் பயிர் இன்னும் உயரும், தண்டு இளகும், காற்றுக்கு நிற்காது. தக்கைப்பூண்டு மட்டும் போதும் என்றார்.

மறுவருடம் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினேன். பாரம்பரிய நெல் வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா தொடங்கிவைத்த வழக்கப்படி, விளைந்ததும் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 2 கிலோவுக்கு ஏற்றபடி ஒரு மா மட்டும், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. முட்டை மிதக்கிற அளவு உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைக் கொட்டி, மிதந்த பதரை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன்.

நாற்றின் வயதில்தான் குழப்பம் வந்தது. வேளாண் அலுவலர் 15 நாள் நாற்று என்றார், பெரியப்பா 30 நாள் என்றார். இருவரிடமும் காரணம் கேட்டேன். இளநாற்று பக்கக் கிளைப்புகள் விட்டு நன்றாகத் தூர் கட்டும், ஆனால் தண்ணீரை வடிக்க முடிகிற வயலாக இருக்க வேண்டும் என்றார் அலுவலர். என்னுடையது தண்ணீர் தேங்கும் பள்ளக்கால். குட்டை நாற்று முழுகிப் போகும். இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 25 நாளில் பறித்தேன்.

நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துவந்த கொத்துக்கார அக்காவிடம் கற்றது தனி. சேற்றைப் பரம்படித்துச் சமன்செய்த அன்றே நட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். அவர் சேற்றில் காலை விட்டுப் பார்த்து, "இன்னிக்கு நட்டா நாத்து ஆழத்துக்குப் போயிடும் தம்பி. ஒரு ராத்திரி தெளியட்டும். மேலாக நட்டாத்தான் தூர் வெடிக்கும்" என்றார். முப்பது வருஷமாக நடுகிற கால் அது. கூலி ஆளாக மட்டும் அவரைப் பார்த்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டும்போதே அதன் நுனியைக் கிள்ளி எறியச் சொன்னதும் அவர்தான். தண்டுத் துளைப்பான் பூச்சி முட்டையிடுவது அந்த நுனியில்தான்.

அதன் பிறகு வயலைக் காயவிட்டுக் காயவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், ஐப்பசிக்கு முன்பே வடிகால் வெட்டு, ஒரு கைக்களை. ஓரிடத்தில் மட்டும் பெரியப்பா பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பயிர் வெளுத்தபோது கொஞ்சம் யூரியா போடச் சொன்னார். சாணம், வெல்லம் எல்லாம் கரைத்துச் செய்யும் ஜீவாமிர்தம் விட்டுப் பார்க்கிறேன் என்றேன். "பாரு, எனக்கும் சொல்லு" என்றார். பத்து நாள் கழித்து வந்து பச்சையைப் பார்த்துவிட்டு, 200 லிட்டருக்கு எவ்வளவு வெல்லம், எவ்வளவு சாணம் என்று விசாரித்துக்கொண்டு போனார். 78 வயதில்.

மார்கழியில் கதிர் வந்தது. தையில் அறுத்தோம். ஒரு மாவில் ஆறு மூட்டை.

திருப்பித் தரவேண்டிய 4 கிலோவுக்குக் கலப்பில்லாத கதிராகப் பார்த்து எடுத்து, தனியாக அடித்து, காயவைத்துப் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். "சத்தம் பத்தலை. இன்னும் ஒரு நாள் வெயில்ல போடு" என்றார்.

போட்டேன்.