ஆட்டோக்காரருக்குத் தெரிந்த பெயர்

வேலையில் சேர்ந்த முதல் நாள், சென்ட்ரலில் ஆட்டோ ஏறி “மேடவாக்கம் டேங்க் ரோடு, மனநல மருத்துவமனை” என்றேன். ஓட்டுநருக்குப் பிடிபடவில்லை. “கீழ்ப்பாக்கம்” என்றதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். “நான் நர்சுங்க” என்று அவர் கேட்காமலேயே சொன்னேன். அப்போது எனக்கு இருந்த அவசரத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இந்த இடத்துக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கதை 1794-இல், வாலன்டைன் கொனலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன் புரசைவாக்கத்தில் நடத்திய இல்லத்தில் தொடங்குகிறது. அவருக்கு அது பாதி வைத்தியம், பாதி வியாபாரம். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக்ஸ் கார்டன் என்ற தோட்டத்துக்கு 145 நோயாளிகளோடு வந்தபோது லூனாட்டிக் அசைலம், அதாவது பைத்தியங்களுக்கான காப்பகம். 1922-இல் மென்டல் ஹாஸ்பிடல். 1978-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மென்டல் ஹெல்த். ஆங்கிலத்தில் இப்படிப் படியேறி வந்த பெயர், தமிழ்ச் செய்தித்தாள்களில் இன்னமும் ‘மனநலக் காப்பகம்’தான். அசைலத்துக்கு நேர்ச்சொல் அல்லவா அது! முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒரு மதியம், வருஷக்கணக்கில் யாரும் பார்க்க வராத ஓர் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, இந்தச் சொல்லே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

இந்த மாதிரி இடங்களின் பழைய கட்டடங்களைப் பார்த்தால் ஜெயில் ஞாபகம் வரும். காரணம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவை சிறைத்துறைத் தலைவரின் மேற்பார்வையில்தான் இருந்தன. அதன்பின் வந்த 1912 மனநோயாளிகள் சட்டத்திலும் பலரை உள்ளே அனுப்பியது மாஜிஸ்திரேட்டின் உத்தரவுதான். உயர்ந்த மதில், எட்டாத ஜன்னல், வெளிப்பக்கத் தாழ்ப்பாள் எல்லாம் அந்தக் காலத்து யோசனை. 1950-களில் குளோர்புரோமசின் என்ற மனநோய் மாத்திரை வந்தபிறகு எத்தனையோ பேர் ஓ.பி.யில் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. மதில் நின்ற இடத்தில் நின்றது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியையும் தனியறையில் அடைப்பதையும் ஒரேயடியாகத் தடைசெய்துவிட்டது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் சுவர் மாறுமா? அதற்குப் பொதுப்பணித் துறை எஸ்டிமேட் போட வேண்டும்.

அவ்வளவு பெரிய வளாகத்தில் எனக்குப் பிடித்தது மரங்கள்தான். இரவு டியூட்டி முடிந்து விடிகாலையில் அந்த நிழலில் நடந்து வருவதற்காகவே நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை.

ஒருநாள் ஏதோ ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. தலை வாரிவிட்ட அந்த அம்மாவிடம், “உங்க ஊர் எதும்மா?” என்று கேட்டேன். கேஸ் ஷீட்டில் அந்த இடம் காலியாக இருந்தது. என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இதென்ன சிஸ்டர் கேள்வி? கீழ்ப்பாக்கம்தான்.”