பம்பாயிலிருந்து வந்த வங்கியாளர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே தேசிய சுவடிக்கூடத்துக்குப் போய்விட்டேன். உள்ளே பேனைக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். இலங்கையின் வங்கித் துறையை ஆராய்ந்த 1934ஆம் ஆண்டு ஆணைக்குழுவின் அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டாலே உதிர்கிறது. தலைவர் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா. 1911இல் பம்பாயில் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியவர்.

டொனமூர் அரசியல் யாப்பினால் 1931 முதல் அரசாங்க சபையில் நம்மவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஆனால் கருவூலத்தின் சாவி நிதிச் செயலாளரான பிரித்தானிய அதிகாரியிடமே இருந்தது. உள்ளூர் வியாபாரிக்குக் கடன் கிடைக்கவில்லை என்று ஊரே புலம்பிக்கொண்டிருந்த காலம். அதை ஆராய்ந்து சொல்ல ஒரு பம்பாய்க்காரர் வரவேண்டியிருந்தது. லண்டனிலிருந்து ஆளை அழைக்காமல், சொந்த வங்கியை எழுப்பிக் காட்டிய ஓர் ஆசியரை அழைத்ததை மனதார மெச்சுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று 1884க்குப் போனேன். கோப்பி இலைநோயால் தோட்டங்கள் அழிந்தன, அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்து, பணத்தாளும் வெளியிட்டுவந்த ஓரியண்டல் வங்கி அந்த மே மாதத்தில் விழுந்தது. அதன் பணத்தாள்களை வைத்திருந்தவர்கள் தெருவில் நின்றிருப்பார்கள். தேசாதிபதி ஆர்தர் கோர்டன், அரசே பொறுப்பு என்று அறிவித்தார். அதன் பிறகு அரசே பணத்தாள் வெளியிடத் தொடங்கியது. கையிருப்பில் உள்ள வெளிப்பணத்துக்கு ஏற்பவே பணத்தாள் வெளியிடும் அந்த நாணயச் சபை முறையில் ஏற்றுமதி செழித்தால் பணம் பெருகும், தேயிலையும் இறப்பரும் விலை விழுந்தால் பணமும் வற்றும். பஞ்சத்தில் கிணற்றையும் மூடுவது போன்ற முறை.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளவத்தையில் அம்மாவிடம் அப்பப்பாவின் பேரேட்டைக் கேட்டேன். சிவப்புத் துணி போர்த்திய அட்டை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே பற்று, வரவு. அவர் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கப்பிள்ளை.

வெள்ளைக்கார வங்கிகள், தமிழ்நாட்டிலிருந்து வந்து வட்டித்தொழில் செய்த செட்டிமாருக்குக் கடன் கொடுத்தன. செட்டிமார் அதைக் கூடுதல் வட்டிக்கு நம் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வங்கி வாசலை மிதிக்க முடியாத மனிதனுக்குத் தெருதான் வங்கி. ஆனால் வட்டிக்காரன் என்ற பழி தெருவுக்கு மட்டும் வந்தது, மேலே இருந்து பணம் தந்தவர்களின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. அப்பப்பாவே ஒரு வங்கியில் கடன் கேட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். அம்மா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அந்த 1934 ஆணைக்குழுவின் பரிந்துரையிலிருந்தே 1939இல் ‘இலங்கை வங்கி’ என்ற உள்ளூர் வங்கி பிறந்தது. ஐந்து வருடம்! அந்த ஐந்து வருடத்துக்குள் எத்தனை கடைகள் கதவடைத்திருக்கும்?

ஜூலை 12, சனி

சுதந்திரத்துக்குப் பிறகும் ஆலோசகர் வெளியிலிருந்தே வந்தார். அமெரிக்க மத்திய வங்கி அமைப்பிலிருந்து ஜோன் எக்ஸ்டர். இலங்கைக்கு ஒரு மத்திய வங்கி அமைப்பது பற்றிய அவர் அறிக்கை 1949இல் வந்தது, மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28இல் தொடங்கியது. முதல் ஆளுநரும் அவரே. வழி சொன்னவரே பொறுப்பையும் ஏற்றார் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை.

மாலையில் செட்டியார் தெருவில் நடந்தேன். இப்போது முழுவதும் நகைக்கடைகள். கதிரேசன் கோயிலில் மணி அடித்தது. பேரேட்டின் கடைசிப் பக்கம் நினைவில் நின்றது: ஒரு காய்கறிக்காரருக்கு 15 ரூபாய், பிணை எதுவும் எழுதப்படவில்லை. பக்கத்தில் அப்பப்பாவின் கையெழுத்து, ‘தெரிந்தவர்’.