பிரிட்ஜில் ஏறிய துரு: கிட்டாரைக் கழற்றிப் பூட்டிய கதை

முதல் நாள்

இரண்டு வருடமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்த எலக்ட்ரிக் கிட்டாரை எடுத்துத் திறந்தேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உலோகம்தான் பாவமாக இருந்தது. வலது உள்ளங்கை படிகிற இடத்தில் பிரிட்ஜின் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் உலோகப் பகுதி) குரோம் பூச்சு புள்ளிபுள்ளியாகப் பொரிந்திருந்தது. பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுதான் சாடில்; அந்தச் சாடில்களில் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் செம்மண் நிறம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் மூடி நிக்கல் பூச்சு, அதனால் பால் படிந்தாற்போல மங்கல். நிக்கல் அப்படித்தான் மங்கும். குரோம் லேசில் மங்காது. ஆனால் அதிலுள்ள நுண்துளைகள் வழியாக வியர்வை உப்பு இறங்கிவிட்டால், அடியில் உள்ள உலோகம் அரித்து மேல்பூச்சைத் தூக்கிவிடும்.

கம்பிகளைக் கழற்றுவதற்கு முன்பே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாடிலும் எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னே பின்னே என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு ஸ்ருதி சரிசெய்ய உட்காரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும். கழற்றிய சாடில்கள் ஐஸ் தட்டின் ஆறு குழிகளுக்குள் வரிசையாகப் போயின.

ஐந்து சாடில்களின் ஸ்க்ரூ சுலபமாக வந்தன. ஆறாவது, தடிமனான கம்பியின் சாடில், வருவேனா என்றது. ஆலன் கீயை (ஸ்க்ரூ திருகும் அறுகோணச் சாவி) அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் அறுகோணம் மழுங்கிவிடும். மழுங்கினால் அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயில் பல்குச்சியைத் தோய்த்து ஒரே ஒரு சொட்டு விட்டு, படுக்கப் போய்விட்டேன்.

இரண்டாம் நாள்

காலையிலும் அசையவில்லை. சோல்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கினேன். ஆறியதும் இன்னொரு சொட்டு எண்ணெய். இரண்டாவது முறை சூடாக்கிய பிறகு, 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கால் சுற்று திரும்பியது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி எடுத்தேன். அந்த 'டக்' சத்தத்துக்காகவே இன்னொரு கிட்டாரைக் கழற்றலாம் போலிருந்தது.

இரும்பு ஸ்க்ரூக்களை மட்டும் வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே எண்ணெய் தடவினேன். உலர்த்தாமல் விட்டால் அன்றைக்கே மறுபடி துரு பூக்கும். சாடில்களை வினிகரில் போடவே கூடாது. பல கிட்டார்களில் அவை துத்தநாகக் கலவை வார்ப்பு; அமிலம் அதைத் தின்றுவிடும்.

பிரிட்ஜின் குரோமுக்கு அலுமினியத் தாள். சுருட்டி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து வரும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. ஸ்டீல் வூலை இந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. அதன் தூள் ஒன்று பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஒரு சாடிலின் அடியில் பச்சைக் களிம்பு இருந்தது. அப்படியென்றால் அந்த இடத்தில் பூச்சு போய், உள்ளே இருக்கும் பித்தளை வெளியே வந்துவிட்டது. களிம்பைத் துடைக்கலாம், பூச்சு திரும்பி வராது. இதை உணராமல் பளபளப்பைத் துரத்தி, பிக்கப் மூடியின் ஒரு மூலையைப் பாலிஷ் போட்டே மஞ்சளாக்கிவிட்டேன். நிக்கல் மெல்லிசு என்று தெரியும், தெரிந்தும் கை நிற்கவில்லை. தங்கப் பூச்சாக இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும். அதற்கு ஈரத்துணிக்கு மேல் எதுவும் கூடாது.

மூன்றாம் நாள்

மெழுகு. நான் பூசியது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்க உருவான ரெனசான்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். துணியில் துளி தொட்டு, மெல்லிசாகத் தடவி, கொஞ்ச நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். உற்சாகத்தில் பிரிட்ஜ் தட்டின் அடிப்பக்கத்துக்கும் பூசினேன். எல்லாவற்றையும் பூட்டி, புதுக் கம்பி மாட்டி, ஆம்பில் செருகினால், ஒரே இரைச்சல். வழக்கமாகக் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கும். இப்போது தொட்டாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் இன்னொன்றைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளிப்பகுதியிலும் வைத்தேன். பீப் வரவில்லை, அதாவது இரண்டுக்கும் நடுவே மின் தொடர்பு இல்லை. என் கிட்டாரில் எர்த் ஒயரின் உரித்த நுனி பிரிட்ஜ் தட்டுக்கு அடியில் வெறுமனே அழுந்திக் கிடக்கிறது. அங்கே போய், மின்சாரம் கடத்தாத மெழுகைப் பூசியிருக்கிறேன். மறுபடி கம்பி தளர்த்தி, தட்டைக் கழற்றி, அந்த இடத்தில் மெழுகைத் துடைத்து, ஒயர் நுனியையும் பளிச்சென்று சுரண்டிப் பூட்டினேன். பீப். இரைச்சலும் அடங்கியது.

மூன்று வாரம் கழித்து

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் பிரிட்ஜையும் கம்பிகளையும் துடைக்கிறேன். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு. குரோமில் புதுப் புள்ளி எதுவும் இல்லை. பழைய பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன. மஞ்சள் மூலை மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அடுத்து கம்பியை முறுக்கும் டியூனர்களின் நட்டுகளை இறுக்க வேண்டும், ஒன்று லேசாக ஆடுகிறது.